மூன்று புள்ளிகள்

மாலை ஐந்து மணிக்குள் வேண்டுமாம்.
நான்கு மொழிப் பலகை. கடைசி வரி நம்முடையது.
கடைசி வரிக்கு எப்போதும் இடம் குறைவு.
கட்டணம் இருபத்திரண்டு வெள்ளி.
பெயரை மட்டும் சரிபாருங்கள், வேறெதுவும் வேண்டாம்
என்று எழுதியிருந்தார் ஜுன் வெய்.

பெயர்:
ஆல்ஃபிரட் தியோக் பலதுறை மருந்தகம்.

தெலுக் பிளாங்கா மேட்டில் இத்தனை காலமும்
பெயரில்லாமல்தான் எங்களுக்கு ஊசி போட்டது அது.
மேட்டு கிளினிக் என்றால் டாக்சிக்காரருக்குப் போதும்.

போன மாதம் முதல் அதே பேச்சு.
கோப்பிக் கடையில் ஒரு மேசை
அவர் இல்லாவிட்டால் இந்தப் பக்கம்
ஒரு தண்ணீர்க் குழாய் உண்டா என்றது,
சளி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு
அவுட்ரம் வரை நடந்ததைச் சொன்னது.
அடுத்த மேசை ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மேசையில்தான் வயதானவர்கள் அதிகம்.

எனக்கு அவருடைய கையெழுத்து தெரியும்.
பிஸ்கட் டின்னில் இருக்கிறது:
பக்கிரிசாமி த/பெ அங்கமுத்து,
துறைமுகக் கூலி, சங்கப் பொருளாளர்,
பதினோரு மாதம், விசாரணை கிடையாது.
கீழே அவசர மையில் ஒரு கோடு,
அடுத்த கோப்புக்குப் போகும் வேகத்தில்
வால் நீண்டு தாளைத் தாண்டியிருக்கும்.

அதே டின்னில் ஒரு புகைப்படம்.
எட்டு வருடம் கழித்து எடுத்தது.
ஏழாவது மாடி, மூவறை வீடு.
மேடையில் அமைச்சர் சாவி நீட்டுகிறார்,
அப்பா வலக்கையால் வாங்குகிறார்.
இடக்கை முதுகுக்குப் பின்னால்.
இறுக்கிய முட்டியா, அணைத்த பீடியா,
தெரியாது.
கேட்க நினைத்த ஞாயிறுகளெல்லாம்
தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக்கு நின்றே கழிந்தன.
கேட்காமலேயே மண்டாய்க்குக் கொண்டுபோனோம்.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான்
இதைத் திருத்துகிறேன்.
ஜன்னலில் நல்ல காற்று வரும், அதைச் சொல்ல வேண்டும்.

சரி, வேலை.
ஆய்தம் வைப்பதா, வேண்டாமா?
வைக்காவிட்டால் ஆல்பிரட்.
ஆல்பர்ட்டா என்று கேட்பார்கள், யாரந்த ஆல்பர்ட் என்பார்கள்,
பத்து வருடத்தில் ஆல்பர்ட்டே ஆகிவிடுவார்.
(கை ஒரு நொடி அங்கே நின்றதை மறைக்கவில்லை.)
வைத்தால் இலக்கணம் முறைக்கிறது:
முன்னால் தனிக்குறில் வேண்டும்,
பின்னால் வல்லினம் வேண்டும்.
அஃது. எஃகு.
இங்கே முன்னால் நிற்பதோ வெறும் ஒற்று.

உயிருமல்ல, மெய்யுமல்ல, தனிநிலை.
அடுப்புக்கட்டி மாதிரி என்று பாடப்புத்தகம் சொன்னது.
மூன்று கல் அடுப்பைக் கண்டிராத எங்களுக்கு
வகுப்புச் சுவரில் மின்விசிறியின் பிளக் துளைகளைக் காட்டி
இதோ பாருங்கள், ஃ என்றார் மிஸ் தேவசுந்தரி.
மேலே ஒன்று, கீழே இரண்டு.
அதில் விரல் வைத்தவன் கோபு மட்டும்தான்.

படிவத்தின் அடியில் குறிப்புப் பெட்டி.
பதினோரு மாதம் என்று தட்டினேன். அழித்தேன்.
தண்ணீர்க் குழாய் என்று தட்டினேன்.
அதையும் அழித்தேன்.
எழுத்துப் பிழைகளுக்கு மட்டும் என்று
பெட்டிக்கு மேலேயே போட்டிருக்கிறது.

ஆய்தத்தோடு அனுப்பினேன்.
இரண்டு நிமிடத்தில் பதில்.
அந்த மூன்று புள்ளி கோப்பில் விழுந்த தூசியா?
எஃகில் வெட்டினால் ஒன்றையொன்று தொடாது,
தனித்தனியாகக் கழன்று விழும்.
எடுத்துவிடலாமா?

தூசியில்லை, எழுத்து என்று எழுதினேன்.
அழகுக்கு வைத்ததில்லை,
பழிக்கு வைத்ததுமில்லை.
அது இல்லாமல் அவர் வேறு ஆள்.
கடைசி மூன்று வரியையும் அனுப்பவில்லை.

மணி நாலு ஐம்பத்திரண்டு.
அப்படியென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும்
தனித்தனித் திருகாணி போட வேண்டும் என்றார் ஜுன் வெய்,
கொஞ்சம் சலிப்போடு.

போடட்டும்.